லைன்ல இருக்கீங்களா? - ஒரு சின்ன வரலாறு

ரொம்ப நாளாக எழுத நினைத்துத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த விஷயம் இது. எழுத உட்கார்ந்தால் அந்த ராத்திரி ஞாபகம் வந்துவிடும், அப்புறம் கை ஓடாது. இந்த ஞாயிற்றுக்கிழமை எப்படியும் முடித்துவிடுவது என்று உட்கார்ந்திருக்கிறேன்.

2019-இல் நடந்தது. நான் அப்போது நாக்பூர் கிளையில் இருந்தேன். அம்பாசமுத்திரத்தில் அப்பாவுக்கு ராத்திரி பதினொன்றரை மணிக்கு நெஞ்சு வலி. தங்கையும் மாப்பிள்ளையும் பக்கத்து வீட்டுக் காரில் திருநெல்வேலிக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். ஆஸ்பத்திரிக் கட்டடத்துக்குள் டவர் சிக்னல் சுத்தமாக இல்லை. அங்கே இருந்தவர்களிடம் கேட்டு வைஃபை வாங்கிக்கொண்டு, ஈ.சி.ஜி. படம், டாக்டர் எழுதிய சீட்டு, "அண்ணா, ஆஞ்சியோ பண்ணணுங்கறாங்க, உன் ஆபீஸ் இன்சூரன்ஸ் இங்க செல்லுமா?" என்ற கேள்வி எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பில் வரிசையாக அனுப்பியிருக்கிறாள். வாட்ஸ்அப்பிலேயே நாலு தடவை கூப்பிட்டும் பார்த்திருக்கிறாள். எல்லாவற்றுக்கும் ஒற்றை டிக் தான். என் போன் தலையணைக்குப் பக்கத்தில், பாதிக்கு மேல் சார்ஜோடு, வீட்டு வைஃபையில் இருந்தது. ஒரு சத்தம் வரவில்லை.

காலை ஆறு மணிக்கு எழுந்து வாட்ஸ்அப்பைத் திறந்ததும் பதினேழு செய்திகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கொட்டின. அதற்குள் மாப்பிள்ளை ஒரு சிநேகிதரை எழுப்பிப் பணம் புரட்டிக் கட்டி, அப்பாவை உள்ளே அழைத்துப் போயிருந்தார்கள். அப்பா பிழைத்துக்கொண்டார். ஆனால் நான் போன் செய்தபோது தங்கை கேட்ட முதல் கேள்வி இதுதான்: "போனை ஆஃப் பண்ணிட்டுத் தூங்கிட்டியாண்ணா?"

அவள் குரலில் கோபமே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. வெளியூரில் வேலை பார்க்கிற நம் ஆட்களுக்கு இது புரியும். இத்தனை வருஷத்தில் நான் ஒரு ராத்திரிகூடப் போனை அணைத்தது கிடையாது. தூரத்தில் இருப்பவன் செய்யக்கூடியது அது ஒன்றுதானே.

விசாரித்ததில், ராத்திரியில் பேட்டரியை மிச்சம் பிடிக்கிறேன் என்று வாட்ஸ்அப்பை மூடிவைத்தது அந்தப் போனேதான் என்று தெரிந்தது. (கம்பெனி பெயர் வேண்டாம்.) நான் பி.காம். படித்தவன், கம்ப்யூட்டர் இன்ஜினியர் கிடையாது. ஆனால் கணக்கு டேலி ஆகாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. பின்னால் நடப்பது என்ன என்று அன்றிலிருந்து துருவித் துருவிப் படித்தேன். படித்த வரைக்கும் கோர்வையாக எழுதிவைக்கிறேன். நம் வீடுகளில் எல்லாருக்கும் உபயோகப்படும்.

முதலில் எஸ்.எம்.எஸ்.-இலிருந்து ஆரம்பிக்க வேண்டும். 1992 டிசம்பர் 3-ஆம் தேதி இங்கிலாந்தில் நீல் பாப்வொர்த் என்ற இன்ஜினியர், கம்ப்யூட்டரிலிருந்து ஒரு மொபைல் போனுக்குக் கிறிஸ்துமஸ் வாழ்த்து அனுப்பினார். அதுதான் முதல் குறுஞ்செய்தி. நம் நாட்டில் முதல் மொபைல் அழைப்பு 1995 ஜூலை 31-ஆம் தேதி, கல்கத்தாவிலிருந்து ஜோதி பாசு டில்லியில் இருந்த சுக்ராமுடன் பேசியது. வரும் அழைப்புக்கும் காசு கொடுத்த காலம் அது. 2003 மே மாதம் அது இலவசமாகும் வரை, ஊரிலிருந்து போன் வந்தால் கட் பண்ணிவிட்டு எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடியவர்கள் நம்மில் நிறையப் பேர் உண்டு.

எஸ்.எம்.எஸ். சுலபமாக வந்து சேர்ந்ததற்குக் காரணம் இருக்கிறது. அது போகும் பாதை நாம் பேசும் பாதை கிடையாது. போனும் டவரும் தங்களுக்குள் 'நான் இங்கே இருக்கிறேன்' என்று பேசிக்கொள்ள ஒரு தனிப் பாதை உண்டு. அந்தப் பாதையில் மிச்சம் இருந்த இடத்தில்தான் எஸ்.எம்.எஸ். ஏறிக்கொண்டது. போன் சும்மா இருக்கும்போதும் ஓரிரு விநாடிக்கு ஒரு தடவை காதைத் திறந்து, டவர் தன்னைக் கூப்பிடுகிறதா என்று கேட்டுவிட்டு மறுபடி கண் அயரும். அதற்கென்றே செய்த ஏற்பாடு என்பதால் பேட்டரிச் செலவு மிகக் குறைவு. போன் அணைந்திருந்தால் கம்பெனியின் செய்தி மையம் அதை எடுத்து வைத்திருந்து, பிறகு கொடுக்கும். நம் போஸ்ட்மேன் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போவது மாதிரி.

குறையும் உண்டு. ஒரு செய்திக்கு 140 பைட் தான் இடம். ஆங்கில எழுத்தில் 160, தமிழில் 70. புள்ளியும் கொம்பும் தனித்தனியாக எண்ணப்படும் என்பதால் தமிழில் கொஞ்சம் நீளமாக எழுதினாலே இரண்டு செய்திக் காசு. அப்போதெல்லாம் தீபாவளிக்கும் புத்தாண்டுக்கும் பேக் செல்லாது, முழுக் கட்டணம் வாங்கினார்கள். இந்த எரிச்சல் எல்லாம் சேர்ந்துதான் நம்மை இன்டர்நெட் சாட் பக்கம் தள்ளியது.

இன்டர்நெட் சாட் கம்ப்யூட்டரில் பிறந்தது. 1996-இல் இஸ்ரேலில் ஐ.சி.க்யூ., 1998-இல் யாஹூ, 2005 ஆகஸ்டில் கூகுள் டாக். பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து யாஹூ மெசஞ்சரில் அமெரிக்காவில் இருக்கும் அத்திம்பேரிடம் பேசியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். கம்ப்யூட்டர் கரண்டில் ஓடுவது. சாட் முடியும் வரை லைன் திறந்தே இருக்கும். யாருக்கும் பேட்டரிக் கவலை இல்லை.

அதே சாட்டை மொபைலுக்குக் கொண்டுவந்தபோதுதான் தகராறு ஆரம்பித்தது.

எஸ்.எம்.எஸ். மாதிரி, இன்டர்நெட்டில் சர்வர் நினைத்த நேரத்தில் நம் போனைக் கூப்பிட முடியாது. நம் போனுக்கு அங்கே நிலையான விலாசம் கிடையாது. விலாச எண்கள் போதாததால் மொபைல் கம்பெனி ஆயிரக்கணக்கான போன்களை ஒரே விலாசத்துக்குப் பின்னால் உட்கார வைக்கிறது. வாசலில் ஒரு பதிவேடு. உள்ளே இருப்பவர் முதலில் வெளியே பேசினால், 'இவர் இன்னாருடன் பேசுகிறார்' என்று அதில் ஒரு வரி எழுதப்படும். அந்த வரி இருக்கும் வரை பதில் உள்ளே வரும். வரியை அழித்துவிட்டால், வெளியிலிருந்து வரும் செய்திக்கு யாரிடம் போவது என்றே தெரியாது. புதிய ஐ.பி. ஆறாம் பதிப்பில் விலாசப் பஞ்சம் தீர்ந்துவிட்டது. ஆனாலும் வழியில் இருக்கும் பாதுகாப்புச் சுவர்கள் இதே மாதிரி ஒரு பதிவேடு வைத்திருக்கின்றன.

பேசாமல் சும்மா இருக்கும் லைனின் வரியைக் கொஞ்ச நேரத்தில் அழித்துவிடுவார்கள். இதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் தொழிலில் இதற்கு 'இன்ஆபரேட்டிவ் அக்கவுன்ட்' என்று பெயர். இரண்டு வருஷம் வாடிக்கையாளர் வரவு செலவு எதுவும் செய்யாவிட்டால் கணக்கு செயல்படாத கணக்காகிவிடும். விவரம் தெரிந்த பெரியவர்கள் வருஷத்துக்கு ஒரு தடவை வந்து நூறு ரூபாய் கட்டிவிட்டுப் போவார்கள். அந்த நூறு ரூபாயால் அவர்களுக்கு ஒரு காரியமும் ஆகப்போவதில்லை, கணக்கு உயிரோடு இருக்கும், அவ்வளவுதான். சாட் ஆப்பும் அதைத்தான் செய்கிறது. சில நிமிஷத்துக்கு ஒரு தடவை 'இருக்கிறேன்' என்று வெறும் ஒரு துளி அனுப்புகிறது. இன்ஜினியர்கள் இதை 'கீப் அலைவ்' என்றும் 'ஹார்ட் பீட்' என்றும் சொல்கிறார்கள்.

எவ்வளவு நேரத்துக்கு ஒரு தடவை? 1989-இல் வந்த இன்டர்நெட் விதிப் புத்தகம் (ஆர்.எஃப்.சி. 1122), இப்படி அனுப்புவதானால் சாதாரணமாக இரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல் இடைவெளி விடு என்றது. 2008-இல் வந்த இன்னொரு விதி (ஆர்.எஃப்.சி. 5382), வாசலில் பதிவேடு வைத்திருப்பவர்கள் 2 மணி 4 நிமிஷத்துக்கு முன் வரியை அழிக்கக்கூடாது என்றது. அந்த 4 நிமிஷம் கருணைக் காலம் போலிருக்கிறது! ஆனால் நடைமுறையில் பல மொபைல் நெட்வொர்க்குகளில் சில நிமிஷங்களிலேயே அழித்துவிடுவார்கள். கூட்டம் அதிகம், பதிவேடு சின்னது. ஆகவே ஆப்கள் நாலு நிமிஷம், ஐந்து நிமிஷத்துக்கு ஒரு துளி என்று அனுப்ப ஆரம்பித்தன.

இங்கேதான் பேட்டரி அடிபடுகிறது. அந்த ஒரு துளியை அனுப்பப் போனின் ரேடியோ விழித்துக்கொள்ள வேண்டும். விழித்த ரேடியோ உடனே தூங்காது. இன்னும் ஏதாவது வருமோ என்று சில விநாடிகள், பழைய 3ஜி-யில் பத்து விநாடிக்கு மேல்கூட, முழித்துக்கொண்டே இருக்கும். ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். நாலு நிமிஷத்துக்கு ஒன்று என்றால் ஒரு நாளைக்கு 360 தடவை. தடவைக்குப் பத்து விநாடி என்றால் 3600 விநாடி, அதாவது ஒரு மணி நேரம். நீங்கள் போனைத் தொடாவிட்டாலும், ஒரு செய்தியும் வராவிட்டாலும், ஒரே ஒரு ஆப்புக்காக ரேடியோ தினம் ஒரு மணி நேரம் ஓடுகிறது. ஐந்து ஆப் இருந்தால் ஐந்து மணி நேரம்.

அதற்காக லைனை மூடிவிட்டு, அவ்வப்போது போய் 'எனக்கு ஏதாவது வந்ததா?' என்று கேட்டுவரலாமே என்று தோன்றும். பழைய கிளைகளில் டிராஃப்டுக்குக் கொடுத்துவிட்டு ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை கவுன்டருக்கு வந்து "சார், ரெடியா?" என்று கேட்பவர்கள் உண்டு. அவருக்கும் கால் வலி, எங்களுக்கும் தலைவலி. அதற்குத்தான் பித்தளை டோக்கன் வைத்திருந்தோம். டோக்கனை வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்காருங்கள், நம்பரைக் கூப்பிடுகிறோம். மொபைல் உலகம் இந்த டோக்கன் முறைக்கு வந்துசேர ஏறக்குறையப் பத்து வருஷம் ஆயிற்று.

முதலில் அதைச் சரியாகச் செய்தது பிளாக்பெரி. கனடாவின் வாட்டர்லூ நகரத்தில் இருந்த ரிசர்ச் இன் மோஷன் கம்பெனி 1999-இல் கொண்டுவந்த முதல் கருவி பார்க்கப் பேஜர் மாதிரியே இருக்கும், பேஜர் மாதிரியான நெட்வொர்க்கில்தான் ஓடியது. மெயில் வந்ததும் கம்பெனியின் சொந்த மையமே அதைக் கருவிக்குத் தள்ளிவிடும். நாம் போய்க் கேட்க வேண்டியதில்லை. 2005-இல் பிளாக்பெரி மெசஞ்சர் வந்தபோது சாட்டும் அதே பாதையில் போனது. எங்கள் ரீஜனல் மேனேஜர் மீட்டிங்கில் மேஜைமேல் அதை வைத்து, சிவப்பு விளக்கு மின்னும்போதெல்லாம் எடுத்துப் பார்ப்பது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

மைக்ரோசாஃப்ட் வேறு வழியில் போனது. ஆரம்பத்தில் அவர்களுடைய மெயில் சர்வர், புது மெயில் வந்தால் போனுக்கு ஒரு எஸ்.எம்.எஸ். அனுப்பி எழுப்பிவிடும். 2005-இல் அதை மாற்றினார்கள். போன் சர்வரிடம் ஒரு கேள்வி கேட்கும்: 'ஏதாவது வந்ததா?' சர்வர் உடனே பதில் சொல்லாது. கேள்வியைக் கையில் பிடித்துக்கொண்டே இருந்து, மெயில் வந்தால் சொல்லும், நேரம் தாண்டினால் 'ஒன்றுமில்லை' என்று சொல்லும். போன் மறுபடி கேட்கும். அந்த இடைவெளியை எவ்வளவு நீட்டலாம் என்று போனே நெட்வொர்க்குக்குத் தகுந்தாற்போல் பழகிக்கொள்ளும்.

இதெல்லாம் ஆபீஸர்களின் போன். நம் கையில் இருந்தது நோக்கியா. சுமார் 1000 மில்லி ஆம்பியர் பேட்டரி. அதில் ஜாவா சாட் ஆப் போட்டால், பல மாடல்களில் சிவப்பு பொத்தானை அழுத்தியதும் ஆப் மூடிக்கொள்ளும், நீங்கள் ஆஃப்லைன். விலை கூடிய சிம்பியன் போன்களில் பின்னணியில் ஓடும். ஆனால் 2ஜி-யில் போன் பேசும்போது டேட்டா நின்றுவிடும். பேசி முடித்து வந்து பார்த்தால் சாட் லைன் அறுந்திருக்கும், ஆனால் திரையில் நாம் 'ஆன்லைன்' என்றே காட்டும். எதிர்ப்பக்கம் மனைவி, 'ஆன்லைனில் இருந்துகொண்டே பதில் போடவில்லை' என்று நினைத்திருப்பார். அந்தச் சண்டைகளில் பாதிக்கு இந்த நெட்வொர்க் பதிவேடுதான் பொறுப்பு என்று இப்போது சொன்னால் யார் நம்பப்போகிறார்கள்!

அடுத்த திருப்பம் ஐபோன். 2007-இல் வந்தது, 2008 ஜூலையில் ஆப் ஸ்டோர் திறந்தது. ஆனால் எந்த ஆப்பும் பின்னணியில் ஓடக்கூடாது என்று ஆப்பிள் கட்டளை போட்டது. பேட்டரி போய்விடும் என்பது அவர்கள் சொன்ன காரணம். அதற்குப் பதிலாக எல்லா ஆப்புக்கும் பொதுவாக ஒரே ஒரு லைனை ஆப்பிளே திறந்து வைத்திருக்கும். உங்கள் சர்வர் ஆப்பிளிடம் சொல்ல வேண்டும், ஆப்பிள் போனிடம் சொல்லும். போனுக்குக் கொடுக்கும் அடையாள எண்ணுக்கு அவர்கள் வைத்த பெயர் என்ன தெரியுமா? டோக்கன்! 2008 செப்டம்பரில் தருவதாகச் சொன்னது, கடைசியில் 2009 ஜூன் 17-ஆம் தேதிதான் வந்தது.

அந்த ஜூன் மாதம்தான் வாட்ஸ்அப்பின் தலையெழுத்தை மாற்றியது. உக்ரைனில் பிறந்து, பதினாறு வயதில் அம்மாவோடு அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த ஜான் கோம், 2009 பிப்ரவரியில் கம்பெனியைப் பதிவு செய்தார். முதலில் அது சாட் ஆப்பே இல்லை. 'ஜிம்மில் இருக்கிறேன்', 'பேட்டரி தீரப்போகிறது' என்று நம் நிலைமையை நண்பர்களுக்குக் காட்டும் பலகை, அவ்வளவுதான். ஆப்பிளின் டோக்கன் முறை வந்ததும், ஒருவர் நிலைமையை மாற்றினால் மற்றவர் போனில் மணி அடித்தது. ஜனங்கள் அதை வைத்தே ஒருவரோடு ஒருவர் பேச ஆரம்பித்துவிட்டார்கள். அதைப் பார்த்துத்தான் அவர் அதைச் செய்தி அனுப்பும் ஆப்பாக மாற்றினார். ஊரை விட்டு வந்த ஒருவர் செய்த ஆப்பில் ஊரை விட்டு வந்த நாமெல்லாம் குடும்பம் நடத்துகிறோம் என்று நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

சர்வர் பக்கத்திலும் இது பெரிய வேலை. அத்தனை லைனையும் யாராவது பிடித்துக்கொண்டிருக்க வேண்டுமே. 2012 ஜனவரியில், ஒரே சர்வரில் 20 லட்சம் லைன்களைத் திறந்து வைத்திருக்கிறோம் என்று வாட்ஸ்அப் அறிவித்தது. 2014-இல் ஃபேஸ்புக் 1900 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்ததற்குப் பின்னால் இந்தச் சாமர்த்தியமும் உண்டு.

ஆண்ட்ராய்டு 2008-இல் வந்தபோது, ஆப்பிளுக்கு நேர் எதிராக, எந்த ஆப்பும் பின்னணியில் ஓடலாம் என்று கதவைத் திறந்து விட்டது. ஒவ்வொரு ஆப்பும் தனக்கென்று ஒரு வாட்ச்மேன் வைத்துக்கொண்டது. ஒரே குடியிருப்பில் வீட்டுக்கு ஒரு வாட்ச்மேன் இருந்தால் சம்பளம் யார் கொடுப்பது? கூகுளும் 2010-இல் பொது வாட்ச்மேன் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. 2012-இல் அதைப் புதுப்பித்தது. 2016 முதல் ஃபயர்பேஸ் என்ற பெயரில் அது இயங்குகிறது. கூகுளின் அந்த ஒரே லைன் மொபைல் டேட்டாவில் சுமார் 28 நிமிஷத்துக்கு ஒரு தடவைதான் 'இருக்கிறேன்' என்று சொல்லும். நாளைக்கு 360 தடவை எங்கே, ஐம்பத்துச் சொச்சம் தடவை எங்கே!

எல்லா ஆப்பும் உடனே இதற்கு மாறிவிடவில்லை. மாறாதபோது என்ன ஆகும் என்பதை 2012 ஜனவரி 25-ஆம் தேதி டோக்கியோ பார்த்தது. ஜப்பானின் பெரிய மொபைல் கம்பெனியான டோகோமோவின் நெட்வொர்க் அன்று காலை படுத்துவிட்டது. நாலு மணி நேரத்துக்கு மேல், சுமார் 25 லட்சம் பேருக்குத் தொல்லை. பேசுவதற்கும் சாட்டுக்குமான ஸ்மார்ட்போன் ஆப்கள் ஓயாமல் அனுப்பிய சின்னச் சின்னக் கட்டுப்பாட்டு சிக்னல்களைப் புதிதாகப் போட்ட கருவி தாங்கவில்லை. அதில் யாரும் பெரிதாக ஒன்றும் பேசியிருக்க வேண்டியதில்லை. 'இருக்கிறேன், இருக்கிறேன்' என்று சொல்லியே ஒரு நகரத்தின் லைனை அடைத்துவிட்டார்கள்.

2015-இல் ஆண்ட்ராய்டின் ஆறாம் பதிப்பில் 'டோஸ்' வந்தது. கோழித் தூக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சார்ஜில் போடாமல், திரை அணைந்து, அசையாமல் கொஞ்ச நேரம் இருந்தால், போன் எல்லா ஆப்பின் நெட்டையும் வெட்டிவிடும். அவ்வப்போது கொஞ்ச நேரம் திறந்து மூடும். நேரம் ஆக ஆக அந்த இடைவெளி நீளும். பொது வாட்ச்மேன் 'அவசரம்' என்று முத்திரை குத்திக் கொண்டுவருவது மட்டும் உள்ளே வரும். சாட் செய்திகளும் அழைப்புகளும் அப்படித்தான் வருகின்றன. 2017-இல் வந்த எட்டாம் பதிப்பு பின்னணி வேலைகளை இன்னும் சுருக்கியது.

இதோடு நின்றிருந்தால் அன்றைக்கு என் போன் மணி அடித்திருக்கும். போன் தயாரிப்பவர்கள் சிலர் இதற்கு மேலும் போனார்கள். அதற்கு ஒரு காரணம் சீனா. அங்கே கூகுள் சேவைகள் இல்லாததால் பொது வாட்ச்மேனும் இல்லை. ஒவ்வொரு ஆப்பும் எப்படியாவது உயிரோடு இருக்கப் பார்க்கும், ஒன்றை ஒன்று எழுப்பிவிடவும் செய்யும். அதை அடக்க, ஆப்களைக் கண்ட இடத்தில் மூடிவிடும் கறாரான மேலாளர் மென்பொருள்களைப் போனில் போட்டார்கள். அந்த மாதிரி மென்பொருள் மற்ற நாட்டுப் போன்களிலும் வந்து சேர்ந்தது. 'இரண்டு நாள் நிற்கும் பேட்டரி' என்று விளம்பரம் செய்யவும் அது வசதி. இதில் ஒரு சூட்சுமம் உண்டு. ஆண்ட்ராய்டில் ஒரு ஆப்பைக் கட்டாயமாக நிறுத்திவிட்டால், நாம் கையால் அதைத் திறக்கும் வரை பொது வாட்ச்மேன் கதவைத் தட்டினாலும் அது எழாது. அன்று ராத்திரி நடந்தது அதுதான். தங்கையின் செய்தி வாட்ஸ்அப் சர்வருக்குப் போனது, ஒற்றை டிக். என் ஆப்புக்கு வந்திருந்தால் இரண்டாவது டிக். காலை ஆறு மணி வரை அது விழவே இல்லை.

பொது வாட்ச்மேனிலும் கோளாறு இல்லாமல் இல்லை. எல்லாரும் ஒருவரையே நம்பினால், அவர் படுத்தால் எல்லாரும் படுக்க வேண்டியதுதான். 2011 அக்டோபர் 10-ஆம் தேதி பிளாக்பெரியின் மையத்தில் ஒரு சுவிட்ச் பழுதாகி, ஐரோப்பா, மத்தியக் கிழக்கு, இந்தியா, பிறகு அமெரிக்கா வரை நாள்கணக்கில் செய்திகள் நின்றுபோயின. தவிர, வாட்ச்மேனுக்கு யார் யாரைத் தேடி எப்போது வந்தார்கள் என்பது தெரியும். அரசாங்கங்கள் ஆப்பிளிடமும் கூகுளிடமும் இந்த அறிவிப்புத் தகவல்களைக் கேட்டு வாங்குகின்றன என்பதை அமெரிக்க செனட்டர் ரான் வைடன் 2023 டிசம்பரில் கடிதம் எழுதி வெளியே கொண்டுவந்தார். இது பிடிக்காதவர்களுக்கு சிக்னல் மாதிரி ஆப்கள் கூகுள் சேவை இல்லாத போனிலும் தாங்களே லைனைத் திறந்து வைத்துக்கொள்ளும் வசதி தருகின்றன. விலை, பேட்டரி.

ஆகக் கூடி நான் புரிந்துகொண்டது இது. லைன் என்பது தானாக இருக்கும் பொருள் கிடையாது. நமக்காக யாரோ ஒருவர் முழித்திருந்தால்தான் அது உண்டு. முன்பு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் டிரங்க் கால் போட்டுக்கொடுத்தவர், "லைன்ல இருங்க" என்று சொன்னவர், அந்த வேலையைச் செய்தார். பிறகு டவர் செய்தது. இப்போது நமக்குத் தெரியாத ஒரு மென்பொருள், நம் பேட்டரி முக்கியமா நம் தங்கையின் செய்தி முக்கியமா என்று நம்மைக் கேட்காமலேயே முடிவு செய்கிறது. கேட்டிருந்தால் எந்த அண்ணனாவது பேட்டரி என்று சொல்லியிருப்பானா?

கடைசியாக, வீட்டில் செய்யவேண்டிய சில காரியங்கள். போன் செட்டிங்ஸில் வாட்ஸ்அப்பைத் தேடி, அதில் பேட்டரி என்ற பகுதியில் 'கட்டுப்பாடு இல்லை' என்று வையுங்கள். போனுக்குப் போன் பெயர் கொஞ்சம் மாறும். 'ஆட்டோ ஸ்டார்ட்' என்று ஒன்று இருந்தால் அனுமதி கொடுங்கள். போனைச் சுத்தம் செய்கிறேன், வேகமாக்குகிறேன் என்று வரும் ஆப்களை எடுத்துவிடுங்கள். சிஸ்டம் அப்டேட் வந்த பிறகு மறுபடி ஒருமுறை பாருங்கள், சில போன்களில் பழையபடி மாறிவிடுகிறது. ஊருக்குப் போகும்போது அம்மா அப்பா போனிலும் இதைச் செய்துவிட்டு வாருங்கள். அவர்களாகச் செய்துகொள்ள மாட்டார்கள். அதைவிட முக்கியம், அவசரம் என்றால் சாதாரணக் கால், அது கிடைக்காவிட்டால் சாதாரண எஸ்.எம்.எஸ். என்று வீட்டில் எல்லாரிடமும் சொல்லிவையுங்கள். 1992-இல் வந்த அந்தப் பழைய பாதையை எந்த பேட்டரி மேலாளரும் தொடுவதில்லை.

எங்கள் வீட்டில் இப்போது இதுதான் சட்டம். தங்கை ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வந்து தெருவில் நின்று ஒரு கால் போட்டிருந்தால் போதும், எழுந்திருப்பேன். அதை அவளிடம் ஒருநாளும் சொன்னதில்லை. அப்பாவை உள்ளே விட்டுவிட்டு அவள் எப்படி வெளியே வருவாள்?

இதை எழுதி முடித்ததும் முதலில் அவளுக்குத்தான் படித்துக் காட்டப்போகிறேன். நான் போனை ஆஃப் பண்ணவில்லை என்று அன்றைக்கே அவளிடம் சொன்னேன், அவளும் "சரிண்ணா" என்றாள். அந்த "சரிண்ணா" எனக்குப் போதவில்லை. டோஸ், டோக்கன், வாட்ச்மேன் எல்லாம் அவளுக்குப் புரிய வேண்டும் என்று இல்லை. அன்று ராத்திரி நான் லைனில்தான் இருந்தேன் என்பது மட்டும் அவளுக்குத் தெரிய வேண்டும்.